ஒயர்லெஸ் கேமிங் மவுஸ்: வாங்கினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சென்னைக்காரன்:

ஒயர்லெஸ்னா லேக் அடிக்கும், அதாவது கை நகர்ந்து கொஞ்சம் தாமதமாத்தான் திரையில நகரும், கேமுக்கு ஒயர் மவுஸ்தான் சரின்னு சொல்ற கடைக்காரங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல இன்னமும் இருக்காங்க. ஒரு காலத்துல அது நியாயமான பேச்சுதான். லாஜிடெக் 2016ல ஜி900 விட்டப்பவே அந்தப் பேச்சு ஆட்டம் கண்டுடுச்சு. 2018ல 80 கிராம்ல ஜி ப்ரோ ஒயர்லெஸ் வந்த பிறகு, போட்டி ஆடுறவங்களே ஒயரைக் கழட்டி வெக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில பேசுற நல்ல கேமிங் மவுஸ் எதை எடுத்தாலும் விநாடிக்கு ஆயிரம் தடவை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும். ஆடுற கைக்கு ஒயரோட வித்தியாசம் தெரியாது.

அப்புறம் ஏன் என் மவுஸ் மட்டும் திக்குச்சு? அதைச் சொல்லத்தான் இதைத் தொடங்குறேன்.

வேலோரன்ட்ங்கிற ஷூட்டிங் கேம்ல மூலையில எட்டிப் பார்க்கிற நேரம் பார்த்து, குறி வைக்கிற கிராஸ்ஹேர் ஒரு கணம் உறைஞ்சு நிக்கும். அப்புறம் ஒரே தாவு, சுவத்துல போய் முட்டும். தினமும் இல்லை, சில ராத்திரி மட்டும். பேட்டரி மாத்தியாச்சு, மவுஸ் பேடைத் துடைச்சாச்சு, சாஃப்ட்வேரை அழிச்சுத் திரும்பப் போட்டாச்சு. கடைசியில பிடிபட்டது என்னன்னா, வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் படம் காப்பி ஆகுற ராத்திரிதான் திக்குது. காலடியில சிபியு, மேல இரும்பு மேஜை. சிபியு முதுகுப் பக்கம் நீலக் கலர் யூஎஸ்பி 3.0 போர்ட்டுல ஹார்ட் டிஸ்க், அதை ஒட்டின போர்ட்டுல மவுஸ் டாங்கிள், அதான் மவுஸோட சிக்னலை வாங்குற குட்டி ரிசீவர். யூஎஸ்பி 3.0ல டேட்டா ஓடும்போது கிளம்புற ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் வந்து விழும். இன்டெல் 2012லயே இதைப் பத்தி அறிக்கை போட்டிருக்கு. வைஃபையும் ப்ளூடூத்தும் ஏற்கெனவே அதே இடத்துலதான் நெரிசல் பண்ணிக்கிட்டு இருக்கு, போதாக்குறைக்கு இது வேற.

மவுஸ் டப்பாவுல ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் பிரிக்காமலே கிடந்தது. அதை மாட்டி, டாங்கிளை மேஜை மேல, பேடுல இருந்து ஒரு சாண் தள்ளி வெச்சேன். அதோட திக்கல் போச்சு. நம்மாளுங்க முக்காவாசிப் பேர் அந்தக் கேபிளை எதுக்குன்னு தெரியாம டப்பாவோட பரண்ல போட்டுடுறாங்க. மவுஸைத் திட்டுறதுக்கு முன்னாடி பரண் ஏறிப் பாருங்க.

நீங்க எதை வாங்கினீங்க, எது கழுத்தை அறுத்துச்சு, எழுதுங்க. டிபிஐ (மவுஸ் ஒரு இஞ்ச் நகர்ந்தா எத்தனை புள்ளி தாண்டும்கிற கணக்கு) எத்தனைன்னு மட்டும் எழுதிட்டுப் போயிடாதீங்க.

மதுரைக்காரன்:

ப்ரோ, நான் லாஜிடெக் ஜி304. வெளிநாட்டுல இதே மவுஸுக்கு ஜி305னு பேரு. அசைவைக் கண்டுபிடிக்க ஹீரோங்கிற சென்சார், ஒத்தை டபுள் ஏ பேட்டரி. சுவர்க் கடியாரத்துல போடுவோமே, அதே செல்லுதான். 250 மணி நேரம் வரும்னு கம்பெனி சொல்லுது. சார்ஜ் போடுற சோலியே கிடையாது. ராத்திரி செத்துப்போச்சுன்னா கடியாரத்தைக் கழட்டி செல்லை எடுத்துப் போட்டு மேட்சை முடிக்க வேண்டியதுதான். காலையில எங்கம்மா மணி தப்பா காட்டுதுன்னு சத்தம் போடும், அது தனிக் கதை.

ஒரே இடைஞ்சல் எடை. செல்லோட சேர்த்து 99 கிராம். அதுல செல்லு மட்டும் 23 கிராம் பக்கம் வரும். அதுவும் பின்னாடி உட்காருதா, மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்கும்போது வால் பக்கம் தொங்குற மாதிரி இருக்கும். சென்சிட்டிவிட்டியைக் கூட்டி, கொஞ்சம் அசைச்சாலே குறி நிறைய நகர்ற மாதிரி வெச்சு மணிக்கட்டுல ஆடுறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. நான் குறைச்சு வெச்சு முழங்கையோட இழுக்குற ஆளு, எனக்குத் தெரிஞ்சது.

லித்தியம் டபுள் ஏ செல்லு 15 கிராம்தான், விலைதான் கூட. அதை விட்டா டிரிபிள் ஏ செல்லை அடாப்டர் கூட்டுக்குள்ள வெச்சுப் போடலாம், எட்டு ஒம்போது கிராம் மிச்சம். செல்லு சீக்கிரம் தீரும், தீரட்டும். அடாப்டருக்குப் பதிலா அலுமினியத் தாளைச் சுருட்டிச் சொருகுறவங்க இருக்காங்க. அந்த வேலையே வேணாம், நடு ரவுண்டுல மவுஸு அணைஞ்சு போகும்.

கோவைப் பொண்ணு:

எடை எடைன்னு எல்லாரும் பேசறீங்க, அளவைப் பத்தி ஒருத்தரும் பேசறதில்லைங்க.

எங்க அண்ணன் ரேசர் டெத்ஆடர் வி3 ப்ரோ வாங்கினாங்க. 63 கிராம்தான், கையில எடுத்தா உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. அவங்க கைக்குக் கச்சிதம். உள்ளங்கை முழுக்கப் படிஞ்சு உட்காருது, பாம் கிரிப்னு சொல்றாங்களே அது. அதே மவுஸை நான் பிடிச்சா சைடு பட்டனுக்குக் கட்டைவிரல் எட்டறதுக்குள்ள மொத்தக் கையும் நகர்ந்து, குறி தப்பிடும். மவுஸ் மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லைங்க. அது 128 மில்லிமீட்டர் நீளம், 44 உயரம். என் கை நடுவிரல் நுனியில இருந்து மணிக்கட்டுக் கோடு வரைக்கும் 16 சென்டிமீட்டர். நான் விரலை வளைச்சு நுனியால கிளிக் பண்ற ஆளு, கிளா கிரிப். முதுகு அவ்வளவு உயரமா இருந்தா விரலை வளைக்க இடமே இருக்காதுங்க.

மதுரைக்கார அண்ணா சொன்ன ஜி304 116 மில்லிமீட்டர்தான், உயரம் 38. எடை கூட இருந்தும் எனக்கு அதுல நல்லா ஆட வருது. எடை குறைஞ்ச மவுஸ்ல தோத்துட்டு இருந்தவ, எடை கூடினதுல ஜெயிக்கறேன்.

கடைக்குப் போனா மவுஸை அந்தரத்துல தூக்கிப் பார்த்துட்டு "நல்லாருக்கு"ன்னு வாங்காதீங்க. ஒரு ஸ்டூல் கேட்டு உட்காருங்க. கவுண்டர் மேல வெச்சு, கேம்ல எப்படிப் பிடிப்பீங்களோ அப்படிப் பிடிச்சு வேகமா இடது வலது இழுங்க. நடுவுல சைடு பட்டனை அமுக்குங்க. மோதிர விரலும் சுண்டு விரலும் எங்க நிக்குதுன்னு பாருங்க. அந்த ரெண்டும் பேடுல உரசிட்டே போச்சுன்னா மவுஸ் உங்களுக்கு ஒல்லின்னு அர்த்தம். டெமோ பீஸ் இல்லாத கடைன்னா, இன்டர்நெட்ல நீள அகல உயரம் போட்டிருப்பாங்க, வீட்ல இருக்கிற மவுஸை ஸ்கேல் வெச்சு அளந்து ஒப்பிட்டுக்கலாம்.

கொழும்பிலிருந்து:

நான் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில வாங்கினனான். கொம்பனிப் பெயர் வேண்டாம். வாரண்டி முடிஞ்ச கையோட வருத்தம் தொடங்கிற்று. ஒருக்கா அமத்தினால் ரெண்டு தரம் அமத்தின மாதிரி எடுக்கும். ஸ்னைப்பர் ஸ்கோப் திறந்த உடனே மூடும். ஃபைல் ஒன்றை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில கைவிட்டிடும். உங்கட மவுஸில சந்தேகம் இருந்தால் இதையே செய்து பாருங்கோ, டெஸ்க்டாப்பில ஒரு ஃபைலைப் பிடிச்சு மெல்லமாச் சுத்திச் சுத்தி இழுங்கோ. தானா விழுந்தால் சுவிட்ச் போகுது எண்டு அர்த்தம்.

உள்ளுக்க இருக்கிறது ஒரு சின்ன உலோகத் தகடு. அமத்தும்போது அது மற்ற முனையில போய்த் தட்டும். தட்டின உடனே நிக்காது, மில்லிசெக்கன் கணக்கில துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில எடுக்காமல் விடச் சொல்லி மவுஸுக்குள்ள ஓடுற மென்பொருளான ஃபெர்ம்வேரில ஒரு நேரம் வைச்சிருப்பினம், டிபவுன்ஸ் எண்டு பெயர். முனை தேய்ஞ்சு கறள் பிடிச்ச பிறகு துள்ளல் அந்த நேரத்தைத் தாண்டிப் போகும். அப்பதான் ஒரு கிளிக் ரெண்டாகும். சில மவுஸ்களில மென்பொருளுக்குள்ள போய் அந்த நேரத்தைக் கூட்டலாம், கொஞ்ச நாளைக்குத் தாங்கும்.

நான் கழட்டிப் போட்டு சுவிட்ச் மாத்தினேன். திருகாணியைத் தேடிக் களைச்சுப் போனேன். அடியில ஒட்டியிருக்கிற டெஃப்லான் பட்டையை உரிச்சால்தான் திருகாணி கண்ணில படும், உரிச்ச பட்டை திரும்ப ஒழுங்கா ஒட்டாது, புதுசா வாங்க வேணும். சுவிட்சுக்கு மூண்டு கால். ஈயத்தை உறிஞ்சி எடுத்துப்போட்டு கைல் எண்ட கொம்பனியின்ர சுவிட்ச் ரெண்டு வைச்சு ஒட்டினேன். ஒண்டை மட்டும் மாத்தினால் இடதும் வலதும் ரெண்டு சத்தம் போடும். இப்ப புதுசு போல கிடக்கு.

அடுத்தது வாங்கினால் ஒப்டிகல் சுவிட்ச்தான். அங்க ஒளிக்கதிரை மறைக்கிறதும் விடுறதும்தான் வேலை, துள்ளுறதுக்குத் தகட்டு முனை இல்லை. ரேசர் டெத்ஆடர் வி3 ப்ரோவில இருக்கிறது அதுதான். லாஜிடெக் 2023ல விட்ட சூப்பர்லைட் 2லயும் ஒளியும் பொறியும் கலந்த சுவிட்ச் வைச்சிருக்கினம்.

திருச்சி சர்வீஸ் ஆள்:

கொழும்பு நண்பர் சொன்னது நூத்துக்கு நூறு. என் மேஜைக்கு வர்ற கேமிங் மவுஸ்ல டபுள் கிளிக்தான் அதிகம். சென்சார் கெட்டுப்போச்சுன்னு வர்றதெல்லாம் பெரும்பாலும் லென்ஸ்ல மாட்டின முடி. பட்ஸ் வெச்சுத் துடைச்சுக் குடுத்தா சார் ரொம்ப நன்றின்னு போறாங்க.

டிபிஐ பத்தி எழுதாதீங்கன்னு சொன்னதால எழுதறேன். டப்பாவுல 26,000னு போட்டிருக்கும். கணக்குப் பாருங்க. ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். 26,000 வெச்சா, மவுஸ் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததும் ஆயிரத்துச் சொச்சம் புள்ளி தாண்டிடும். 1920 புள்ளி அகலம் உள்ள ஸ்கிரீன்ல பாதிக்கு மேல அது. யாரால ஆட முடியும்? ஷூட்டிங் கேம்ல போட்டிக்குப் போற பசங்க 400, 800, மிஞ்சினா 1600. அந்த அளவுக்கு எந்த நல்ல சென்சாரும் போதும். ஆக, அந்த நம்பருக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீங்க.

அடுத்து போலிங் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை மவுஸ் தகவல் அனுப்புதுங்கிறது. 1000 ஹெர்ட்ஸ்னா 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தகவல், 8000னா 0.125. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒரு பையன் பழைய ஐ5 மெஷின்ல 8000 வெச்சுட்டு, "அண்ணே, மவுஸை வேகமா திருப்பினா கேம் விட்டு விட்டு ஓடுது, கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சா பாருங்க"ன்னு கேபினெட்டையே தூக்கிட்டு வந்துட்டான். விநாடிக்கு எட்டாயிரம் தடவை பிராசஸரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அது கேமை எப்பப் பார்க்கும்? ஆயிரத்துக்கு இறக்கி விட்டேன், சரியாப் போச்சு. பேட்டரியும் அப்படித்தான். ரேசர் வைப்பர் வி3 ப்ரோவுக்கு 1000ல 95 மணி நேரம், 8000ல 17 மணி நேரம்னு கம்பெனியே போட்டிருக்கு. பெரிய மெஷினும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வெச்சிருக்கிறவங்க போட்டுப் பார்க்கட்டும். மத்தவங்களுக்கு 1000 தாராளம்.

ஐடி கம்பெனி ஆள்:

ப்ளூடூத்ல கேம் ஆடலாமான்னு யாராவது கேட்பீங்க. வேணாம். ப்ளூடூத் லோ எனர்ஜியில வழக்கமா ரெண்டு தகவலுக்கு நடுவுல குறைஞ்சது 7.5 மில்லிசெகண்ட் இடைவெளி. எக்ஸெல்லுக்கு ஓகே, கேமுக்கு இழுக்கும். ஆனா ரெண்டும் இருக்கிற மவுஸா வாங்கினா ஆபீஸ் லேப்டாப்புக்கு ப்ளூடூத், வீட்டு கம்ப்யூட்டருக்கு டாங்கிள்னு அடியில ஒரு தட்டு தட்டி மாத்திக்கலாம். நான் ரேசர் ஒரோச்சி வி2 அப்படித்தான் ஓட்டுறேன். ஜி304ல ப்ளூடூத் கிடையாது, தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல வழவழ மவுஸ் வழுக்கும். கிரிப் டேப் ஒட்டுங்க.

ஈரோட்டு இடதுகைக்காரன்:

இடது கையில ஆடுறவங்க யாராவது இருக்கீங்களா? கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் "ரெண்டு கைக்கும் ஆகும் சார்"னு சொல்றார். வடிவம் ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு, சைடு பட்டன் மட்டும் இடது பக்கமே இருக்கு. என் கட்டைவிரல் வலது பக்கம் இருக்கே!

சென்னைக்காரன்:

நண்பா, உங்க பாடு கஷ்டம்தான். ரேசர் 2019ல விட்ட வைப்பர் அல்டிமேட்ல ரெண்டு பக்கமும் பட்டன் இருந்துச்சு. 2022ல வி2 ப்ரோ வந்தப்ப எடை குறைக்கிறோம்னு வலது பக்கத்தைத் தூக்கிட்டாங்க. லாஜிடெக்கும் அதே கூத்து. பழைய ஜி ப்ரோ ஒயர்லெஸ்ல பட்டனைக் கழட்டி எந்தப் பக்கம் வேணும்னாலும் மாட்டலாம், அதுக்கப்புறம் வந்த சூப்பர்லைட்ல இடது பக்கம் மட்டும். 2024ல வந்த ஜி ப்ரோ 2 லைட்ஸ்பீடுல மறுபடி கழட்டி மாட்டுற பட்டன் வெச்சிருக்காங்க, எடை 80 கிராம். உங்களுக்கு அதுதான் என் ஓட்டு. விலை கையைக் கடிச்சா பழைய ஜி ப்ரோ ஒயர்லெஸ் செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க. ஆனா காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி டாங்கிளும், கழட்டின சைடு பட்டன்களும், அந்த ஓட்டையை மூடுற பிளாஸ்டிக் மூடிகளும் இருக்கான்னு கேளுங்க. கொழும்பு நண்பர் சொன்ன மாதிரி ஃபைலை இழுத்தும் பார்த்துடுங்க.