சென்னை மாகாணத்துக்குப் "பிரதம மந்திரி" இருந்தாரா?

கேள்வி: செங்கம் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தபோது, என் பாட்டனார் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் "மதராஸ் ராஜதானி, வட ஆற்காடு ஜில்லா, பசலி 1340" என்று இருக்கிறது. அசலுக்குக் கீழே எழுதிய வட்டிக் கணக்கு முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் "அசல் மட்டும்" என்று வேறொரு கையெழுத்து காணப்படுகிறது. அதனுடன் துருப்பிடித்த குண்டூசியால் குத்தி வைத்திருந்த அச்சு நோட்டீசில், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்துக்காக "மதராஸ் பிரதம மந்திரி கனம் ராஜகோபாலாச்சாரியார்" அவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு மாகாணத்துக்குப் பிரதம மந்திரி எப்படி இருக்க முடியும்? 1920 முதலே நீதிக்கட்சி அமைச்சரவை இருந்தது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 1937இல் புதிதாக என்ன வந்தது? வெள்ளைக்கார கவர்னர் கோட்டையில் இருக்கும்போது இவர்கள் கையில் உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: வரலாற்று ஆசிரியை

நோட்டீசில் பிழை இல்லை. 1937க்குப் பின் மாகாண அமைச்சரவையின் தலைவரைப் பிரதம மந்திரி என்றே அழைத்தார்கள். 1950இல் குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோதுதான் மாநிலங்களில் முதலமைச்சர் என்ற பெயர் நிலைத்தது. ஆகவே ராஜாஜிக்குப் பின் 1946இல் பொறுப்பேற்ற பிரகாசமும், 1947இல் வந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரும் அதே பெயரால் குறிப்பிடப்பட்டார்கள். தில்லியில் நேரு பிரதமரானபோது சென்னையிலும் ஒரு பிரதமர் இருந்தது அக்காலத்தவருக்கு வியப்பாக இல்லை.

பெயரைவிட அதிகாரம் பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த முறைக்கு இரட்டையாட்சி என்று பெயர். நிதி, நிலவரி, நீர்ப்பாசனம், போலீஸ் ஆகியவை ஒதுக்கப்பட்ட துறைகளாகக் கவர்னரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தன; கல்வி, பொதுச் சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனங்கள், வேளாண்மை போன்றவை மட்டும் சட்டசபைக்குப் பதில் சொல்ல வேண்டிய மந்திரிகளுக்கு மாற்றப்பட்டன. 1920 டிசம்பரில் சுப்பராயலு ரெட்டியார் தலைமையில் அமைந்த முதல் அமைச்சரவையில் மந்திரிகள் மூவரே. அவர்களில் ஒருவரான கே. வி. ரெட்டி நாயுடு, 1924இல் இம்முறையை ஆராய்ந்த முடிமன் குழுவின் முன் சொன்னது என் மனத்தை விட்டு அகலாதது. தாம் வளர்ச்சித் துறை மந்திரி, ஆனால் காடுகள் தம்மிடம் இல்லை. வேளாண்மை மந்திரி, ஆனால் பாசனம் தம்மிடம் இல்லை. தொழில் மந்திரி, ஆனால் ஆலைகளும் மின்சாரமும் தம்மிடம் இல்லை என்றார். ஏரி மதகு ஒருவரிடம், ஏரிக்குக் கீழே உள்ள நெல் வயல் இன்னொருவரிடம் என்றால் எந்த மந்திரியால் என்ன செய்ய முடியும்?

இத்தனை நெருக்கடிக்குள்ளும் அவர்கள் செய்ததைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. 1921இல் இந்தியாவிலேயே முதல் மாகாணமாகப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது சென்னைச் சட்டசபைதான். அதே ஆண்டில், அரசுப் பணிகளில் பல வகுப்பாருக்கும் இடம் தர வழிசெய்த வகுப்புவாரி அரசாணை பிறந்தது. கோயில் சொத்துகளைக் கண்காணிக்கும் இந்து சமய அறநிலையச் சட்டமும், சுப்பராயலு ரெட்டியாருக்குப் பின் தலைமையேற்ற பனகல் அரசர் காலத்து முயற்சியின் பலனே.

1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணத்தில் இரட்டையாட்சியை நீக்கி, எல்லாத் துறைகளையும் மந்திரிகளிடம் கொடுத்தது. ஆனால் கவர்னருக்குத் தனிப்பொறுப்புகள் என்ற பெயரில் தலையிடும் வழி வைக்கப்பட்டிருந்தது. 1937 தேர்தலில் சட்டசபையின் 215 இடங்களில் 159ஐ வென்ற காங்கிரஸ், கவர்னர் குறுக்கிட மாட்டார் என்ற உறுதியைக் கேட்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை பதவியேற்க மறுத்ததற்கு அதுவே காரணம். அந்த இடைக்காலத்தில் ஆட்சியை நடத்தியவர் நான் மேலே குறிப்பிட்ட அதே ரெட்டி நாயுடுதான்.

பதில்: ஓய்வுபெற்ற தாசில்தார்

அம்மையார் கோட்டையிலிருந்து சொன்னார்; நான் கிராமச் சாவடியிலிருந்து ஒரு வார்த்தை சேர்க்கிறேன். செங்கத்தில் வாழ்ந்த ஒரு குடியானவருக்கு அரசாங்கம் என்றால் ஊர்க் கணக்கரான கர்ணமும் ஊர்த் தலைவரான மணியக்காரரும், அவர்களுக்கு மேலே தாசில்தாரும், எல்லாருக்கும் மேலே கலெக்டரும்தான். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமான பாரமகாலில் 1792க்குப் பின் ரீடும் மன்றோவும் வகுத்த ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு பட்டாதாரரிடமும் நேரடியாகக் கிஸ்தி என்னும் நிலவரி வாங்கியது. அதனால்தான் இந்த மாகாணத்தில் நிலக் கணக்குகளான அடங்கலும் சிட்டாவும் அவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டன. ஆண்டுதோறும் ஜமாபந்தி என்னும் கணக்குத் தணிக்கையில் அவை வரிக்கு வரி சரிபார்க்கப்பட்டன. கலெக்டருக்கு மேலே ரெவின்யூ போர்டு. கோடைகாலத்தில் அரசாங்கமே உதகமண்டலத்துக்கு ஏறிவிடும், கோப்புகளும் கூடவே மலையேறும்.

இனி உங்கள் பத்திரத்துக்கு வருகிறேன். பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு; அதனுடன் 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகவே அது 1930 ஜூலைக்கும் 1931 ஜூனுக்கும் இடையே எழுதப்பட்டது. உலகமெங்கும் விலை சரிந்து, நெல்லை விற்றுக் கிஸ்தி கட்ட முடியாமல் குடியானவர்கள் தவித்த சமயம் அது. நோட்டீசில் சொன்ன கடன் நிவாரணச் சட்டம் 1938இல் வந்தது; அதன்படி, விவசாயி 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையாக நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடியானது. அசலில் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. அந்தச் சிவப்புக் கோடு சட்டசபையில் நிறைவேறிய ஒரு பிரிவு உங்கள் வீட்டுக்குள் வந்த அடையாளம். பத்திரத்தின் பின்புறத்தில் வரவு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பதில்: வரலாற்று ஆசிரியை

ஒன்றை விட்டுவிட்டேன். ராஜாஜி அமைச்சரவையை முழுமையாகப் புகழ்வதும் என்னால் முடியாது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்ததும் அதே ஆட்சிதான். பிரிட்டிஷ் அரசு யாரையும் கேளாமல் இந்தியாவை இரண்டாம் உலகப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து அவர்கள் 1939 அக்டோபரில் விலகியதும், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி கவர்னர் எர்ஸ்கின் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, 1940 பிப்ரவரியில் அந்தக் கட்டாயத்தை நீக்கினார். 1946 வரை சென்னையில் மந்திரிசபை இல்லை.

பதில்: செங்கம் வாசகன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பென்சிலில் 3 வரவுகள் உள்ளன; கடைசி வரவு பசலி 1348இல், "அசல் பூராவும் பைசல்" என்ற குறிப்புடன், என் பாட்டனாரின் இடது பெருவிரல் ரேகை பதிந்திருக்கிறது.