புதுப்பிப்பு: அக்வாராமா படகு மாடலுக்கு வார்னிஷ் முடிந்தது

மகாகனித் தளத்தின் வெளிர் கோடுகள் மங்காமல் வார்னிஷ் போடுவது எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன். 1:10 அளவு ரீவா அக்வாராமா. நீங்கள் சொன்னபடி சாயம் பூசவில்லை. பூசியிருந்தால் பலகைகளுக்கு நடுவே ஓடும் கீற்றுகளும் சிவந்திருக்கும்.

முதலில் நீர்த்த வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாள். அப்புறம் மெல்லிய பூச்சுகள், இடையிடையே 800, 1200-இல் ஈரத் தேய்ப்பு. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், ஒட்டிய தூசு ஒவ்வொன்றும் தெரியும்.

இத்தாலியில் ஈசியோ ஏரிக்கரைச் சர்னிகோவில் கார்லோ ரீவா 1962-இல் கொண்டுவந்த படகு இது. மரமும் அதன் மேல் மின்னும் வார்னிஷும்தான் அதன் அழகே. ஆனால் மாடலில் பூச்சு தடித்தால் ஓரங்கள் மழுங்கிப் பொம்மை மாதிரி ஆகிவிடும். அதனால் மெல்லியதாகவே நிறுத்தினேன். எனக்கு முழுத் திருப்தி.

வளைந்த முன்கண்ணாடி பாக்கி. சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை வெளுக்கடித்துவிடும், எனவே அது வேண்டாம். உலோகச் சட்டத்தோடு ஒட்ட வேறு எந்தப் பசை சரி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.