பெரியம்மா சென்ட்ரலில், பெரியப்பா ரயிலில்

(குழு: தேரடிக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியம்மாவும் பெரியப்பாவும் சென்னை மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியிலிருந்து வடபழனி கோவிலுக்குக் கிளம்பியிருக்கிறார்கள்; சென்ட்ரலில் ரயில் மாற வேண்டும்.)

8:52 பெரியம்மா: யாராவது இருக்கிறீர்களா. நான் சென்ட்ரலில் இறங்கிவிட்டேன். இவர் இறங்கவில்லை, கதவு மூடி ரயில் போய்விட்டது

8:52 பெரியம்மா: போன் அடித்தால் எடுக்கவும் இல்லை

8:53 சித்தி: அக்கா, நின்ற இடத்தை விட்டு நகராதே. அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். மாமா அங்கே இறங்கி எதிர் ரயிலைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்.

8:53 தம்பி: சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்திருப்பார். நான் விடாமல் அடிக்கிறேன்.

8:54 அம்மா: என்ன அக்கா ஆச்சு? இரண்டு பேரும் ஒன்றாகத்தானே நின்றிருப்பீர்கள்?

8:56 பெரியம்மா: ஒன்றாகத்தான் நின்றோம். மண்ணடி வந்ததுமே எழுந்திரு எழுந்திரு என்று என்னைக் கிளப்பிவிட்டு, இவர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கோவில் கும்பாபிஷேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். சென்ட்ரலில் கதவு திறந்ததும் ஊரிலிருந்து வந்த கூட்டம் சூட்கேஸும் மூட்டையுமாக அப்படியே உள்ளே ஏறுகிறது, இறங்குகிறவர்களுக்கு வழி விட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் முன்னால் நின்றதால் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பையைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார், வாயும் அசைகிறது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. ரயில் கதவு ஒன்று, பிளாட்பாரக் கதவு ஒன்று, எப்படிக் கேட்கும்?

8:56 பெரியம்மா: அர்ச்சனைத் தேங்காய் வேறு அந்தப் பையில்தான் இருக்கிறது

8:57 நான்: பெரியம்மா, டிக்கெட் யாரிடம் இருக்கிறது?

8:57 பெரியம்மா: இரண்டு பேருடையதும் அவர் போனில்தான். என்னைப் பிடித்துவிடுவார்களா?

8:58 நான்: யாரும் பிடிக்க மாட்டார்கள். கேட்டைத் தாண்டி வெளியே போனால்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். நீங்கள் வந்த நீலத் தடத்திலிருந்து வடபழனி போகிற பச்சைத் தடத்துக்கு உள்ளேயே மாறிக்கொள்ளலாம்.

8:59 பெரியம்மா: இங்கே ஒரு பையன், வாங்க பாட்டி, கோயம்பேடு போகிற ரயில் பக்கம் கொண்டு விடுகிறேன், ஐயா நேராக அங்கேதான் வருவார் என்கிறான். நல்ல பிள்ளையாகத் தெரிகிறான். போகட்டுமா?

8:59 சித்தி: போகவே போகாதே!! அந்தப் பையனுக்கு நன்றி சொல்லி அனுப்பு. மாமா நீ இறங்கின இடத்துக்குத்தான் வருவார். அவர் ஒரு தளத்திலும் நீ ஒரு தளத்திலும் தேடிக்கொண்டிருந்தால் மதியம் வரைக்கும் சுற்ற வேண்டியதுதான், சென்ட்ரல் மெட்ரோ என்ன சின்ன இடமா.

9:01 தம்பி: எடுத்துவிட்டார்!! அரசினர் தோட்டத்துக்கு அடுத்த ஸ்டேஷன், எல்ஐசியில் இறங்கி நிற்கிறாராம்.

9:01 நான்: அரசினர் தோட்டத்தில் ஏன் இறங்கவில்லை?

9:02 தம்பி: இறங்கலாமா, இல்லை பெரியம்மா அடுத்த ரயிலில் பின்னாலேயே வருவாரா என்று யோசித்தாராம். யோசித்து முடிப்பதற்குள் கதவு மூடிவிட்டதாம். அப்புறம் ஓட்டுநரிடம் பேசுகிற பட்டனை அழுத்தப் போயிருக்கிறார். பக்கத்தில் இருந்த அம்மா, ஐயா அது அவசரத்துக்கு மட்டும்தான் என்று தடுத்தாராம்.

9:02 பெரியம்மா: ஏன், இது அவசரம் இல்லையா

9:03 தம்பி: விம்கோ நகர் போகிற பக்கம் நிற்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது ஸ்டேஷன் சென்ட்ரல், யாரிடமும் பேசாமல் இறங்குங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

9:04 அண்ணன் (பெரியம்மாவின் மகன்): பெங்களூரில் இப்போதுதான் எழுந்து பார்க்கிறேன். என்ன நடக்கிறது அங்கே? அம்மா, ஆளுக்கு ஒரு மெட்ரோ கார்டு வாங்கிக் கொடுத்தேனே, அது எங்கே?

9:05 பெரியம்மா: பீரோவில் பத்திரமாக இருக்கிறது

9:05 அண்ணன்: அதைப் பீரோவில் வைக்கவா வாங்கினேன்

9:06 பெரியம்மா: தொலைந்துவிட்டால்?

9:06 அம்மா: இப்போது தொலைந்தது அத்தான்தானே அக்கா

9:11 பெரியம்மா: ஒரு ரயில் வருகிறது

9:11 பெரியம்மா: மஞ்சள் பை தெரிகிறது

9:13 பெரியம்மா: வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, எங்கே போனாய் என்று கேட்கிறார்

9:13 தம்பி: ஹாஹாஹா

9:20 பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். நான் எங்கேயும் தொலையவில்லை. கதவு மூடிவிட்டது, அவ்வளவுதான். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு எலக்ட்ரிக் ட்ரெயினில் எத்தனையோ வருஷம் வேலைக்குப் போனவன் நான். அங்கே கதவு திறந்தேதான் கிடக்கும், வண்டி நகர ஆரம்பித்த பிறகும் ஓடி இறங்கியிருக்கிறோம். இங்கே ஒரு மணி அடிக்கிறது, மூடிக்கொள்கிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் வெளியே யார் இருக்கிறார்கள் என்று அதற்கு என்ன தெரியும். மெட்ரோ எனக்குப் புதிதில்லை. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் திறந்த உடனேயே 40 ரூபாய் டிக்கெட் எடுத்து வேடிக்கை பார்க்கப் போனவன் நான்தான்.

9:22 சித்தி: மாமா, அப்போது எல்லாம் மேலேயே ஓடியது, கூட்டமும் இல்லை, பாதிப் பேர் ஜன்னலோரம் நின்று படம் எடுக்க வந்தவர்கள். சுரங்கமே 2017-ல்தான், திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரைக்கும். நம் தேரடிக்கு வந்தது 2022. ஓடி இறங்குகிற கதையெல்லாம் தயவுசெய்து பேரப்பிள்ளைகள் காதில் போடாதீர்கள்.

9:23 பெரியப்பா: சரிம்மா

9:29 சித்தி: எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன், நான் தினமும் தேனாம்பேட்டை வரைக்கும் போகிறவள், இந்த மாதிரி பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். போன மாதம் ஆலந்தூரில் பெண்கள் பெட்டியில் (முன்பு இரட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஸ்பெஷல் வகுப்பு என்று விட்டிருந்தார்களே, அதைத்தான் அப்புறம் பெண்களுக்கு என்று மாற்றினார்கள்) ஒரு குழந்தை ஓடி வந்து ஏறிவிட்டது, அம்மா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டு வெளியே நின்றுவிட்டாள், கதவு மூடிவிட்டது. பெட்டியில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், பட்டனை அழுத்து என்கிறார் ஒருவர், சென்ட்ரலில் போய் ஒப்படைக்கலாம் என்கிறார் இன்னொருவர். ஒரு நர்ஸ் பெண், யூனிஃபார்மில் இருந்தாள், ஒன்றுமே பேசாமல் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு கிண்டியில் இறங்கினாள். அன்றைக்கு அலுவலகத்துக்குத் தாமதமானால் ஆகட்டும் என்று நானும் கூட இறங்கினேன். அங்கே இருந்த செக்யூரிட்டிப் பெண்ணிடம் சொன்னோம், அவர்கள் ஆலந்தூருக்குப் பேசி, அம்மாவை அடுத்த ரயிலில் வரச் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் அந்தக் குழந்தை எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்து நின்றது, அழவில்லை. அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுதது.

9:30 சித்தி: அதனால் பெரியவர்கள் மாட்டினால், இறங்கினவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், உள்ளே மாட்டினவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வர வேண்டும். குழந்தை உள்ளே போய்விட்டால் மட்டும் உடனே ஸ்டேஷன் ஆட்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் அடுத்த ஸ்டேஷனுக்குப் பேசிவிடுவார்கள். மாமா, அடுத்த ஸ்டேஷன் என்றால் அடுத்தது. அதற்கு அடுத்தது இல்லை.

9:31 பெரியப்பா: புரிந்ததும்மா, எல்லோரும் கேட்டாயிற்று

9:32 நான்: சித்தி, காலையில் போகும்போது கதவோரமே குடியிருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? பத்து ஸ்டேஷன் தள்ளி இறங்க வேண்டியவர் கதவை அடைத்துக்கொண்டு, போனில் சத்தமாக வீடியோ வேறு பார்க்கிறார்.

9:33 சித்தி: "இறங்கணுங்க" என்று ஒரு ஸ்டேஷன் முன்னாடியே சத்தமாகச் சொல்லிவிடு. வெட்கப்பட்டால் எல்ஐசிதான்.

9:33 தம்பி: இனிமேல் நம் வீட்டில் இறங்க மறந்தால் "எல்ஐசி போயிட்டார்" என்று சொன்னால் போதும்

9:36 பெரியப்பா: திருமங்கலம் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தாயிற்று. கோயம்பேடு.

9:36 அண்ணன்: அப்பா, போனை உள்ளே வைத்துவிட்டு ஸ்டேஷனைப் பாருங்கள்

9:37 பெரியம்மா: நான் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விடவில்லை

9:46 பெரியம்மா: வடபழனியில் இறங்கிவிட்டோம், இரண்டு பேரும். வெளியே போகும்போது கேட்டில் டிக்கெட் முதலில் படிக்கவில்லை, இவர் போனில் வெளிச்சம் குறைத்து வைத்திருக்கிறார், பேட்டரி மிச்சமாகுமாம். பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது.

9:48 அண்ணன்: லைட்ஹவுஸிலிருந்து பூந்தமல்லி போகிற புதுத் தடமும் இதே வடபழனி வழியாகத்தான் வருகிறது. அப்புறம் அங்கேயும் தடம் மாறுகிற கூட்டம் இருக்கும்.

9:49 அம்மா: அதற்குள் அத்தான் இறங்கிப் பழகிவிடுவார்

9:52 பெரியம்மா: கோவிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வரிசை நீளமாக இருக்கிறது. சரி, திரும்பி வரும்போது என் டிக்கெட்டை என் போனுக்கே அனுப்பிவிடுங்கள், இவரை நம்பி இனி ஏற மாட்டேன்

9:53 தம்பி: வடபழனியிலிருந்து தேரடிக்குத்தானே பெரியம்மா. கிளம்பும்போது சொல்லுங்கள், வாட்ஸ்அப்பிலேயே எடுத்து அனுப்புகிறேன். இன்றைக்கு ஞாயிறு, பாதிக் கட்டணம்தான்.

9:54 பெரியப்பா: பாதிதானே, அப்படியே எனக்கும் எடுத்துவிடுப்பா