ஸ்டெப்னியில் மிஞ்சிய நிறம்

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இரண்டு வருடமாகச் சரி செய்துகொண்டிருக்கிறேன். 1969 மாடல். நம் பெருங்களத்தூரில் செய்த வண்டி. அந்தத் தொழிற்சாலை கேட்டைத் தாண்டி எப்படி வெளியே வந்ததோ அப்படியே மறுபடி நிறுத்த வேண்டும் என்று ஆசை. பாடி கலரில் குழப்பமில்லை, ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. வீல் நிறம்தான் எந்தத் தாளிலும் இல்லை. அப்பா வெள்ளை என்கிறார், பெரியப்பா சில்வர் என்று அடித்துச் சொல்கிறார். பழைய போட்டோக்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை.

இந்த நேரத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். துரு அதிகம் என்று நான்கு ரிம்மையும் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு, அதாவது மணலை வேகமாக அடித்துச் சுரண்டக் கொடுத்துவிட்டேன். மாலையில் போனால் வெறும் இரும்பு. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மிச்சம் இருந்தது டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி மட்டும். அது பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் என்றோ மாற்றிய ரிம்மாக இருந்தால்? அதில் குத்தியிருந்த முத்திரையை மற்ற நான்கோடு ஒப்பிட்டேன். பிளாஸ்டிங்கில் பெயிண்ட் போகும், குத்திய எழுத்து போகாது. ஐந்திலும் ஒரே முத்திரை. உயிர் வந்தது.

புதுப்பேட்டையில் நெடுங்காலம் பெயிண்டராக இருந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். "தின்னர் பக்கமே போகாதீங்க தம்பி, எல்லாம் கரைஞ்சு ஒண்ணாயிடும்" என்றார். 1000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, ஹப்புக்குப் பக்கத்தில் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேய்த்தார். நடுவில் அழுத்தி, ஓரத்தில் லேசாக. அரை மணி நேரத்தில் வளையம் வளையமாகத் தெரிந்தது: வெளியே சில்வர், உள்ளே கறுப்பு, அப்புறம் சாம்பல் பிரைமர், கிரீம், ரெட் ஆக்சைடு பிரைமர், நடுவில் இரும்பு. சில்வருக்கும் கறுப்புக்கும் இடையே முடி அளவு அழுக்குக் கோடு. சாம்பல் பிரைமருக்கும் கிரீமுக்கும் இடையேயும் அப்படியே. ரோட்டில் ஓடிய பிறகு அடித்த பூச்சுகள் அவை. கிரீமுக்கும் ரெட் ஆக்சைடுக்கும் நடுவில் மட்டும் துளி அழுக்கு இல்லை.

சரி, கிரீம்தான் என்று கிளம்பினேன். பெரியவர் விடவில்லை. வெளிச்சம் படாமல் கிடக்கும் பழைய எனாமல் மஞ்சள் பூத்துவிடுமாம். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் பத்து நாள் வைத்தோம். கிரீம் வெளுத்து, கொஞ்சம் பழுப்புக் கலந்த வெள்ளையாக நின்றது. அதன் பிறகே பெயிண்ட் கடை ஸ்கேனரில் வைத்தோம். அந்தக் கருவிக்குத் தட்டையான இடம் வேண்டும், ரிம்மின் வளைவில் வைத்தால் தப்பாகக் காட்டும். கடை டியூப்லைட்டில் அச்சாகப் பொருந்திய கலவை வாசல் வெயிலில் நீலம் தட்டியது. இரண்டு முறை திருத்தினோம்.

நான்கு வீலும் இப்போது அந்த நிறத்தில். அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ரிம்மைத் தடவிக்கொண்டே நின்றார். ஸ்டெப்னிக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை, அந்த வட்டத்தோடு டிக்கியிலேயே இருக்கிறது.

ஒரு வண்டியை வைத்து எல்லா ஹெரால்டுக்கும் இதுதான் என்று சொல்லமாட்டேன். பிளாஸ்டிங் படாத ரிம் வைத்திருப்பவர்கள் வீல் கப்புக்கு அடியில் ஒரு வட்டம் தேய்த்துப் பார்த்துச் சொல்லுங்களேன்.