தாடைக்குக் கீழே வீக்கம், நீரிழிவும் உண்டு: எப்போது பயப்பட வேண்டும்?

கேள்வி (வெள்ளவத்தை மகள்):
அப்பாவுக்கு வயது 68. 15 ஆண்டுகளாக நீரிழிவு. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சூத்தையாகி, மூன்று நாட்களாகத் தாடைக்குக் கீழே வீங்கியிருக்கிறது. வீட்டில் மிஞ்சியிருந்த அன்டிபயோட்டிக்கை விழுங்கிவிட்டு, வீக்கம் சிறியதுதானே என்கிறார். பெரியப்பாவோ சென்ற வருடம் இப்படித் தொடங்கித்தான் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனார். எனக்கு வந்த பல் வீக்கம் இரண்டு நாளில் வற்றிவிட்டது. ஒருவருக்கு வாயோடு நிற்பது இன்னொருவருக்குக் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இறங்குவது ஏன்?

பதில் 1 (பல் வைத்தியர், கொழும்பு 7):
வீக்கத்தின் அளவை வைத்து ஆபத்தைக் கணிக்காதீர்கள். அது யாருடைய உடலில், எந்தப் பல்லிலிருந்து வந்தது என்பதே முக்கியம். கீழ்த் தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் பெரும்பாலும் வாயின் அடித்தளத் தசை எலும்பில் ஒட்டும் கோட்டுக்குக் கீழே இருப்பதால், அங்கு கட்டும் சீழ் வாய்க்குள் உடையாமல் தாடையின் கீழ்ப்புறத்துக்கு எளிதாக இறங்குகிறது. அது இரு பக்கமும் பரவி நாக்கை மேலே தள்ளும் நிலையை 1836இல் விவரித்தவர் லுட்விக் என்ற ஜெர்மானிய வைத்தியர். அதில் மூச்சுப்பாதையே அடைபடலாம். தொண்டைக்குப் பின்னாலுள்ள இடைவெளியை எட்டினால், நெஞ்சுக்கூடு வரை அதைத் தடுக்க உறுதியான சுவர் எதுவும் இல்லை.

நீரிழிவு இதில் பெரும் பங்கு வகிக்கிறது. சீனி உயர்ந்திருக்கும்போது வெள்ளை அணுக்கள் கிருமியைச் சரிவரக் கொல்வதில்லை; தொற்றோ சீனியை மேலும் ஏற்றுகிறது. முதுமை, சிறுநீரக நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், ஒன்றுக்கு மேற்பட்ட இடைவெளிகளில் பரவிய சீழ் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. தேங்கிய சீழுக்குள் மருந்து போதிய அளவில் நுழையாது என்பதால், மாத்திரையை மட்டும் நம்பித் தாமதிப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

அப்பாவால் வாயை இரண்டு விரல் அகலத்துக்குத் திறக்க முடிகிறதா? எச்சில் விழுங்குகிறாரா? குரல் மாறியுள்ளதா?

பதில் 2 (கொட்டாஞ்சேனை வாசகர்):
ஒன்றைச் சேர்க்கிறேன். மூட்டு வாதத்துக்காக நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த என் அம்மாவுக்குக் கழுத்தில் சீழ் கட்டியபோது காய்ச்சலே காயவில்லை, வலியும் குறைவு. அதை நம்பி நாங்கள் இரண்டு நாட்களை இழந்தோம். ஸ்கான் எடுத்த பின்னர்தான் சீழ் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று தெரிந்தது. அப்பா வேறு என்ன மருந்துகள் எடுக்கிறார் என்பதை எழுதிக்கொண்டு போங்கள்.

வெள்ளவத்தை மகள்:
ஒரு விரல்தான் நுழைகிறது. காலையிலிருந்து விழுங்கக் கஷ்டப்படுகிறார், பேச்சும் தடித்துவிட்டது.

பதில் 3 (பல் வைத்தியர், கொழும்பு 7):
அப்படியானால் நாளை வரை பொறுக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்துத் தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்த நிலையிலேயே ஏற்றுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

வெள்ளவத்தை மகள்:
அனுமதித்துவிட்டார்கள். நேற்றிரவே சீழை வெளியேற்றிப் பல்லையும் பிடுங்கினார்கள். சீனி 380 ஆக இருந்ததாம், இன்சுலின் ஏற்றுகிறார்கள். மூச்சு சீராக இருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.