புளூட்டோ அணு ராம்ஜெட்: கண்காட்சி மாடலில் எதை ஓட்டிக் காட்டலாம்?

மார்த்தாண்டம் இயற்பியல்:
பிளஸ் 1 பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு "பறக்காமலே போன ஏவுகணைகள்" என்று தலைப்பு எடுத்திருக்கிறார்கள். நடுநாயகமாக வைப்பது அமெரிக்காவின் புளூட்டோ திட்டம், அதாவது அணு உலைச் சூட்டில் ஓடும் ராம்ஜெட். 4 அங்குல பிவிசி குழாயை நெடுக்கே வெட்டி, உள்ளே பிளாஸ்டிக் ஸ்ட்ரா அடுக்கி, பின்னால் 1000 வாட் ஹீட்டர் காயில் வைத்தாயிற்று. நூலில் தொங்கவிட்டு முன்னாலிருந்து புளோயர் அடித்தால் பின்னோக்கித்தான் போகிறது. காயிலைப் பெரிதாக்கினால் முன்னே நகருமா? இன்னொரு சந்தேகம்: அந்த உலை நிஜமாகவே ஓடியதா, வரைபடத்தோடு நின்றதா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

ஆரல்காற்று:
டீச்சர், முதலில் அந்தக் காயிலைக் கழற்றிவிடுங்கள். ஸ்ட்ரா உருகிப் புகையும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள்.

எவ்வளவு பெரிய காயில் போட்டாலும் நகராது. ராம்ஜெட்டில் சுழலும் கம்ப்ரசர் கிடையாது. எதிரே வரும் காற்று தன் வேகத்தாலேயே உள்ளே அமுங்க வேண்டும். அமுங்கிய காற்றில் சூடேற்றினால்தான் அந்தச் சூடு விசையாக மாறும். எவ்வளவு மாறும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: மாக் எண்ணின் (ஒலியின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) வர்க்கத்தை 0.2 ஆல் பெருக்குங்கள். அதை, அதோடு 1 கூட்டிய எண்ணால் வகுங்கள். அதுதான் உச்ச வரம்பு.

உங்கள் புளோயர் விநாடிக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மாக் 0.086. விடை 0.15 சதவீதம். 1000 வாட்டில் ஒன்றரை வாட்தான் காற்றின் வேகமாகும், மீதி வெறும் வீண் சூடு. குழாயின் மீது காற்று மோதித் தள்ளுவது அதைவிடப் பல மடங்கு பெரிது, அதனால்தான் பின்னோக்கிப் போகிறது. மாக் 3-இல் இதே கணக்கு 64 சதவீதம். புளூட்டோ எஞ்சினைப் பொருத்த நினைத்த ஸ்லாம் ஏவுகணை தாழப் பறக்கும்போது போக வேண்டிய வேகம் அதுதான். கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறக்குறைய 20 விநாடி.

நம்மூர்க் கடற்கரைக் காற்று 30 டிகிரி என்றால், மாக் 3-இல் எஞ்சினுக்குள் தடுக்கப்பட்டதுமே 575 டிகிரி ஆகிவிடும். உலை அதற்கு மேல் சூடேற்ற வேண்டும். சாதாரண உலோகம் தாங்காது, பீங்கான் மாதிரியான பொருளுக்குப் போனதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

காவல்கிணறு வாசகர்:
உலை ஓடியது, ஏவுகணை பறக்கவில்லை. இரண்டு பேச்சும் வந்தது அதனால்தான்.

1957 ஜனவரி 1-இல் திட்டத்தின் பொறுப்பு அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்துக்குப் போனது. தலைமை தியோடர் மெர்க்கிள். டோரி 2ஏ என்ற சோதனை உலை நெவாடா பாலைவனத்தில் 1961 மே 14-இல் சில விநாடிகள் ஓடியது. டோரி 2சி 1964 மே மாதம் ஏறக்குறைய 5 நிமிடம், 513 மெகாவாட் முழுத்திறனில். தள்ளுவிசை 35,000 பவுண்டுக்கு மேல். எரிபொருள், பெரிலியம் ஆக்சைடில் யுரேனியம் கலந்து சுட்ட பென்சில் கன அறுகோணக் குழல்கள். சுமார் 27,000 காற்று வழிகள். கூர்ஸ் பீங்கான் நிறுவனம் செய்து கொடுத்தது.

எனக்கு இதில் மிகப் பிடித்தது உலையைவிட அதற்குக் காற்று ஊட்டிய ஏற்பாடு. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சினைத் தாங்கியில் பூட்டி ஓட்டலாம். ராக்கெட், எரிபொருளை எரிக்க வேண்டிய ஆக்சிஜனேற்றியைத் தானே சுமக்கிறது, வெளிக்காற்று வேண்டாம். ராம்ஜெட்டைப் பூட்டினால் மாக் 3 காற்றை யார் கொடுப்பது? எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களை 40 கி.மீ. நீளத்துக்குச் சேர்த்தார்கள் (குமரி முனையிலிருந்து தக்கலை தாண்டும் தூரம்). அதில் 450 டன் காற்றை அழுத்தி நிரப்பினார்கள். ஓட்டும்போது அந்தக் காற்றை 730 டிகிரிக்குச் சூடாக்கிய 1 அங்குல இரும்புக் குண்டுகள் வழியாக விட்டார்கள். நான்கு தொட்டியில் 1 கோடியே 40 லட்சம் குண்டுகள். பெரும்பாடு பட்டுக் கிடைத்த ஓட்டம் 5 நிமிடம். ஓடி முடித்த உலை கதிர்வீச்சோடு இருக்கும் என்பதால் ஆளில்லா ரயில் வண்டியில் இழுத்துப் போனார்கள்.

1964 ஜூலை 1-இல் நிறுத்தப்பட்டது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் அதற்குள் தயாராகிவிட்டன. தவிர, இதைப் பறக்கவிட்டுச் சோதிக்க இடமே இல்லை. பசிபிக்கில் வேக் தீவுப் பக்கம் சுற்றவிட்டு ஆழ்கடலில் தள்ளலாம் என்றுகூட யோசித்தார்கள். கதிர்வீச்சோடு தாழப் பறக்கும் ஒன்று கட்டுப்பாடு மீறி ஊர்ப் பக்கம் திரும்பினால்? நிறுத்தியது சரியான முடிவு. பேனலில் இதைத் தயங்காமல் எழுதச் சொல்லுங்கள்.

தக்கலை பட்டறை:
நகர்த்திக் காட்டுவதை விடுங்கள் டீச்சர், அமுக்கத்தை அளந்து காட்டுங்கள். செலவும் கம்மி.

கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப், 6 மி.மீ. உள்விட்டம், 1 மீட்டர். பிளைவுட்டில் யு வடிவில் கிளாம்ப் அடித்து, பின்னால் கிராஃப் தாள் ஒட்டுங்கள். பாதி வரை தண்ணீர், நாலு சொட்டு மை, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. சோப்பு போடாவிட்டால் தண்ணீர் சுவரில் ஒட்டி ஒட்டி நகரும். ஒரு முனையில் காலி பேனா ரீஃபில் குழாயை எம்-சீல் வைத்துக் காற்று கசியாமல் அடைத்து, வாயை நேராகப் புளோயரைப் பார்க்க நிறுத்துங்கள். மறுமுனை காற்று படாத இடத்தில் திறந்திருக்கட்டும்.

30 மீட்டர் வேகத்துக்கு 53 மி.மீ. வித்தியாசம் வர வேண்டும். பாதிதான் வருகிறது என்றால் பெரும்பாலும் ஒரு பக்க ஏற்றத்தை மட்டும் படித்திருப்பார்கள். இரண்டு மட்டத்துக்கும் இடையே உள்ள மொத்த உயரத்தை எடுக்கணும். குழாயில் நடுவே குமிழி நின்றாலும் அளவு பொய் சொல்லும், தட்டி வெளியேற்றுங்கள். மி.மீ. அளவின் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வேகம் கிடைக்கும். ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தாலும் வேலை செய்யும்; 15 மீட்டர் காற்றுக்கு 13 மி.மீ.

பக்கத்திலேயே மாக் 3 அளவை எழுதி வையுங்கள். இழப்பே இல்லாவிட்டால் அழுத்தம் 36.7 மடங்கு. தண்ணீர் உயரமாகச் சொன்னால் சுமார் 369 மீட்டர், 133 அடி திருவள்ளுவர் சிலை ஒன்பதை அடுக்கிய உயரம்.

மார்த்தாண்டம் இயற்பியல்:
மிக்க நன்றி. காயிலைக் கழற்றியாயிற்று. ஒன்று மட்டும்: காற்று வாயை மூக்கு நுனியில் வெறும் ஓட்டையாக வைத்திருக்கிறோம். சரிதானா? நின்ற நிலையிலிருந்து அது எப்படிக் கிளம்பியிருக்கும்?

ஆரல்காற்று:
ஸ்லாமுக்கு வாய் வயிற்றுப் பக்கம், மூக்கில் அல்ல. வெறும் ஓட்டையும் ஆகாது. மாக் 3 காற்று ஒரே நேர்க்குத்து அதிர்ச்சி அலையில் (காற்று சட்டென்று அமுங்கும் மெல்லிய அடுக்கு) வேகம் குறைந்தால் அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீணாகி 36.7 மடங்கு 12 மடங்காகிவிடும். ஒன்பது சிலை மூன்றுக்கும் குறைந்துவிடும். வாய்க்கு முன்னால் சாய்ந்த கூம்போ ஆப்போ வைத்துச் சாய்வான அலைகளாகப் பிரித்தால் இழப்பு வெகுவாகக் குறையும். தெர்மகோலில் செதுக்கி ஒட்டிவிடுங்கள்.

கிளம்ப ராக்கெட் பூஸ்டர்தான். மாடலின் பின்பக்கம் கழற்றி மாட்டும்படி வையுங்கள். இஸ்ரோ 2016 ஆகஸ்ட் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் ஸ்க்ராம்ஜெட்டை (உள்ளேயும் காற்று ஒலியைவிட வேகமாக ஓடும் ராம்ஜெட்) சோதித்தபோதும் ராக்கெட்தான் மாக் 6-க்குக் கொண்டுபோனது, அதன்பின் எஞ்சின் 5 விநாடி எரிந்தது. அந்தப் படத்தைப் பூஸ்டர் பக்கத்திலேயே ஒட்டினால் கேட்பவர்களுக்குப் பிள்ளைகள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.