மறு: நியான் பலகை போடும் இரைச்சலுக்கு என்ன சொல்?

அண்ணாச்சி, வணக்கம்.

நியான் விளம்பரப் பலகை ரேடியோவில் போடும் இரைச்சலுக்கு நீங்கள் சொன்ன ‘நியான் குறுக்கீடு’ எனக்கு ஒப்பவில்லை. குறுக்கீடு என்றால் இயற்பியல் வாத்தியாருக்கு இரண்டு ஒளியலைகள் சேர்ந்து பட்டை பட்டையாக விழுவது. ரேடியோ கேட்கிறவனுக்கு, ராத்திரியில் நம்ம திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸில் வேற்றூர் நிலையம் ஏறி வருவது. பலகை செய்கிற வேலை இரண்டுமில்லை. அந்த வாயுவின் தலையில் பழியைப் போடுவதும் நியாயமில்லை.

நியான் சாது. 1898-இல் லண்டனில் ராம்சேயும் டிராவர்சும் பிரித்தெடுத்த நாளிலிருந்து எதோடும் ஒட்டாத வாயு. 1910-இல் ஜார்ஜ் கிளாட் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அதைக் குழாயில் அடைத்து எரியவிட்டார். கடைப்பலகை அதற்குப் பின்னால் வந்தது. குழாய் எரிய ஆயிரக்கணக்கில் வோல்ட் வேண்டும். வம்பு அங்கேதான். நம்ம 50 சைக்கிள் கரண்டில் வினாடிக்கு 100 தடவை குழாய் அணைந்து பிடிக்கிறது. இணைப்பு தளர்ந்தோ கரண்ட் கசியாமல் தடுக்கிற பீங்கானில் அழுக்கேறியோ இருந்தால் ஒவ்வொரு தடவையும் பொறி தெறிக்கும். மார்கோனி ஆரம்பத்தில் செய்தி அனுப்பியதே பொறியை வைத்துத்தானே! டிரான்ஸ்பார்மரிலிருந்து குழாய்க்குப் போகிற வயரே ஏரியலாகிவிடும்.

டவுன் ரத வீதியில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடை, சிவப்பு எழுத்து. ஆனி ஆடிக் காற்று புழுதியை வாரிப் பீங்கான் மேல் அப்பிவிடும். அதன்மேல் லேசாகச் சாரல் தூவிய அன்று, சாயங்காலம் பலகை எரிந்ததுமே எங்கள் டிரான்சிஸ்டர் கத்தும். “போட்டுட்டாம்லே” என்பார் தாத்தா. பெட்டியைத் தூக்கி மெள்ளத் திருப்புவார். உள்ளே ஏரியலாக இருக்கிற பெரைட் கம்பி ஒரு பக்கம் பார்த்தால் சத்தம் அடங்கும். அந்தப் பக்கம் பெரும்பாலும் அடுக்களைச் சுவர். சுவரைப் பார்த்தபடியே செய்தி கேட்பார். ஐப்பசி மழை சாத்திக் கழுவிவிட்டு, வெயிலும் காய்ந்துவிட்டால் தொல்லை பாதியாகிவிடும்.

ஆகவே குற்றவாளி அழுக்கு. ‘பொறியிரைச்சல்’ என்று யோசித்தேன். எந்திரமும் பொறிதான், மோட்டார் சத்தம் என்று நினைப்பார்கள். ‘மின்கசிவு’ பத்திரிகைக்காரர்கள் தீவிபத்துக்கு எழுதிவைத்த சொல். காரணத்தைச் சொல்ல உதவும், காதில் விழுவதற்கு உதவாது. தாத்தா சொன்னது ‘கரகரப்பு’. ‘மின்கரகரப்பு’ என்று வைத்தால் என்ன?

---

தம்பி,

முதலில் படித்தபோது தொண்டைக்குக் கஷாயம் தேடுகிற மாதிரி இருந்தது. இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னேன், பழகிவிட்டது. நியானை விட்டதும் நல்லதே. மிக்சியும் டியூப்லைட் சோக்கும் இதே கூத்தைத்தான் அடிக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும்.

விளக்கத்தில் ஒன்று சேர்க்கணும். இந்தக் கரகரப்பு பெரும்பாலும் அலையின் வீச்சில், அதாவது அதன் உயரத்தில்தான் கலக்கிறது. அதனால்தான் வீச்சை விட்டு அதிர்வெண்ணை மாற்றி ஒலியனுப்புகிற, ஆம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற எப்.எம். முறையில் அவ்வளவாகக் கேட்காது. வீச்சை வைத்தே ஒலியனுப்புகிற மத்திய அலையைக் கேட்கிறவனுக்குத்தான் தலையெழுத்து.

ஆனால் எழுத்து அணைந்து அணைந்து எரிகிற பலகை போடும் ‘டிக் டிக்’ கரகரப்பில் சேராதே? அது சுவிட்ச் வெட்டிச் சேர்கிற சத்தம். ‘சொடுக்கு’ என்கலாம் என்றால் அதைக் கணினிக்காரர்கள் மௌசுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வேறு ஏதாவது தோன்றுகிறதா?

---

அண்ணாச்சி, ‘மின்தெறிப்பு’?